தையல் போடாத ஆபரேசன்

மகனே, உனக்குச் சலாம். பதில் சலாமை நீ அங்கிருந்தே சொல்லிக்கோ. நல்லாருக்கியான்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா "நல்லாருக்கேம்மா"ம்ப. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. போன்ல பேசலாம்னா, நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள "டூட்டிக்கு நேரமாச்சும்மா"ன்னு வெட்டி விட்டுருவ. அதான் பேப்பர்ல எழுதுறேன். உன் பொண்டாட்டி ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்புவா. இதுல ஒளிச்சுப் படிக்க ஒண்ணுமில்ல. உன் ரூம்ல கிடக்குற பிள்ளைகளுக்கும் வாசிச்சுக் காட்டு. அந்தப் பிள்ளைக ஒவ்வொண்ணுக்கும் ஊர்ல ஒரு அம்மா இருக்கா. அதுகளும் "நல்லாருக்கேன்"னுதான் சொல்லிக்கிட்டுத் திரியும்.

போன வாரம் உன் பொண்டாட்டி அரிசி களைஞ்சுக்கிட்டே பேச்சுவாக்குல சொன்னா. "மாமி, உங்க மகன் வயித்துக்குள்ள ஏதோ ஒயர் வச்சு விட்டிருக்காகளாம். லாரி ஓட்டும்போது இடுப்பு வலி வந்து கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாகளாம். கல்லைப் பொடிச்சாச்சாம். ஒயரை மட்டும் ஊருக்கு வந்து எடுத்துக்கிறேங்கிறாரு." சின்னப் பொண்ணு, சிரிச்சுக்கிட்டே சொன்னா. உன்னையப் பெத்த அத்தாவுக்கு ஆபரேசன் நடந்தப்ப அவ கைப்பிள்ளையோட அவ அம்மா வீட்டுல இருந்தா. அப்புறமும் நான் அவகிட்ட முழுசாச் சொன்னதில்ல. கிட்னி கெட்டுப் போச்சுன்னு ஊருக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அதனால அவ சிரிச்சதுல தப்பில்ல. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

உடனே உனக்குப் போன் போட்டேன். "ஏலே, அந்த ஒயரை எடுத்துட்டியா?"ன்னு கேட்டேன். "எடுத்தாச்சும்மா, போன வெள்ளிக்கிழமையே எடுத்தாச்சு"ன்ன. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு வச்சேன். வச்ச சூடு ஆறல, நீ உன் பொண்டாட்டிக்குப் போன் போட்டிருக்க. "அம்மா கேட்டா எடுத்தாச்சுன்னே சொல்லிரு. இப்ப ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டா பெருநாள் லீவுல கழிச்சிருவாங்க. அப்புறம் ஊருக்கே வர முடியாது. பெருநாளைக்கு வந்து, அம்மா பக்கத்துல இருக்க, மதுரையில எடுத்துக்கிறேன்." இப்படிச் சொன்னியா இல்லையா? அவளை வையாதே. ரெண்டு நாளு பொறுத்துப் பாத்தா, முடியல. என் மடியில வந்து விழுந்து சொல்லிட்டா. நீ சொன்ன வார்த்தையை நான் ஏற்கனவே கேட்டிருக்கேன் ராசா. உங்க அத்தா வாயில கேட்டிருக்கேன்.

அதனால உன்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்த ஒண்ணை இப்பச் சொல்லப் போறேன். சொன்னா நீ ஒடிஞ்சு போவன்னு தெரியும். சொல்லாம விட்டா நீயே போயிருவன்னு பயமா இருக்கு. ரெண்டுல எது பெருசுன்னு ரெண்டு நாளா சோறு இறங்காம யோசிச்சேன். நீ அழுதாலும் பரவாயில்ல, உசிரோட இருந்து அழு.

உங்க அத்தா கரி வியாபாரத்துல எப்படி அலைஞ்சாகன்னு உனக்குத் தெரியும். வேலிக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குற காட்டுக்கெல்லாம் வெயில்ல போய் நின்னு, மூட்டை பிடிச்சு, லோடு ஏத்தி விட்டுட்டு வருவாக. குடிக்க நல்ல தண்ணி கிடைக்காது. உப்புத் தண்ணியைக் குடிக்க முடியாம டீயைக் குடிச்சே பொழுதை ஓட்டுவாக. நீ அங்க போய் கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆகுறப்பதான் இடுப்புல வலி வந்துச்சு. மனுசன் தரையில கிடந்து புரண்டாக. வாழைத்தண்டுச் சாறு குடுத்தேன், நெருஞ்சிமுள் போட்டுக் காய்ச்சிக் குடுத்தேன். வலி வரும், போகும். வாந்தி நிக்கலைன்னதும் நம்ம வீட்டு மருமகன், உன் மச்சான், அருப்புக்கோட்டையில ஸ்கேன் எடுக்க வச்சாரு. கிட்னியில இருந்து இறங்குற குழாயில கல்லு சிக்கி, மேல கிட்னி வீங்கிக் கிடக்குன்னாக. மதுரைக்குக் கொண்டு போனோம்.

அங்க இருந்த டாக்டர் நல்ல மனுசன். "கத்தியே வைக்க மாட்டோம்மா. ஒண்ணுக்குப் போற வழியாவே மெல்லிசா ஒரு குழலை விட்டு, லேசர் வச்சு கல்லைப் பொடியாக்கி எடுத்துருவோம். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்"னாரு. சொன்ன மாதிரியே மறுநாள் அனுப்பிட்டாரு. அனுப்பும்போது கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. "கல்லு உரசுன இடம் வீங்கி அடைச்சுக்கிரும். அடைக்காம இருக்க கிட்னிக்கும் மூத்திரப்பைக்கும் நடுவுல ஒரு குழாய் வச்சிருக்கோம். ரெண்டு முனையும் சுருண்டு உள்ளேயே நிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு மாசத்துக்குள்ள வந்துருங்க, பத்து நிமிச வேலை, எடுத்து விட்டுருவோம். மறந்துராதீக. தண்ணி நிறையக் குடிங்க." உங்க அத்தா எல்லாத்துக்கும் தலையாட்டினாக. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்.

ஊருக்கு வந்தா, பாக்க வந்த சனம் அத்தனையும் பிஸ்கட்டும் ஹார்லிக்சுமா வந்து நின்னுக்கிட்டு, "தையலைக் காட்டுங்க பாப்போம்"னு கேக்குது. தையல் எங்க இருக்கு காட்ட? அத்தா சட்டையைத் தூக்கி வயித்தைத் தடவிக் காட்டுவாக. "வெட்டலை, குத்தலை, ஒரு பொட்டு ரத்தம் இல்ல, கல்லு போயிருச்சு. விஞ்ஞானம் எங்க போயிருச்சு பாத்தீகளா"ன்னு பெருமை பேசுவாக. ஒருத்தர் முகத்துல நம்பிக்கையே இல்ல. ஆபரேசனே நடக்கலை, ஊசியைப் போட்டு ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க சிரிச்சோம். ஒரு தையல் இருந்திருந்தா அது அரிச்சிருக்கும், பிரிக்கணுமேன்னு நெனப்பு வந்திருக்கும். மூணாம் நாளே அத்தா கரிக்காட்டுக்குக் கிளம்பிட்டாக. நானும் தடுக்கலை.

ஒரு மாசம் ஆகப் போகுதுன்னு நான்தான் ஞாபகப்படுத்தினேன். உன் மச்சான் காரே கொண்டு வந்துட்டாரு. "மாமா, கிளம்புங்க, போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்"னாரு. உங்க அத்தா அசையலை. லுஹர் தொழுதுட்டு வாரேன்னு பள்ளிவாசலுக்குப் போன மனுசன் சாயங்காலம் அசரும் முடிஞ்சுதான் வீட்டுக்கு வந்தாக. அதுக்குள்ள மச்சான் பாத்துப் பாத்துக் கிளம்பிப் போயிட்டாரு. எனக்குக் கோவம் வந்து கத்தினேன். அப்பத்தான் மெதுவாச் சொன்னாக: "ஏட்டி, மருமகன் முன்னாடி எப்படி நான் கைலியை அவுத்துப் போட்டுக் கிடக்கிறது? நாளைக்கு அவரு மூஞ்சியில முழிக்க வேணாமா? ஆம்பளைக வார்டுக்குள்ள உன்னையவும் விட மாட்டாங்க. என் மகன் நோன்புப் பெருநாளைக்கு வாரான்ல, அவன்கூடப் போய் எடுத்துக்கிறேன். அவன்கிட்ட எனக்கு என்ன வெக்கம்? என் தோள்ல உக்காந்து ஒண்ணுக்குப் போன பய."

வெக்கம்னு சொன்னது பாதி நெசம்தான். மீதி என்னன்னு எனக்குத் தெரியும். உன்கூட ஒரு நாள் மதுரைக்குப் போகணும்னு ஆசை. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து போகணும், ஆஸ்பத்திரியில "கூட யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டா "என் மகன், வெளிநாட்டுல இருந்து வந்திருக்கான்"னு சொல்லணும், வெளிய வந்து கடையில பரோட்டா வாங்கித் தரணும். இதையெல்லாம் ஒவ்வொண்ணா எங்கிட்டச் சொல்லிருக்காக. நீ பெரியவனானதுல இருந்து உன்கூட நின்னு நாலு வார்த்தை பேசத் தெரியாது அவுகளுக்கு. போனை எங்கிட்டத் தந்துட்டு, பக்கத்துல நின்னு "சாப்பிட்டானான்னு கேளு, சாப்பிட்டானான்னு கேளு"ன்னு என்னையத்தான் நச்சரிப்பாக. அந்தக் குழாயைச் சாக்கா வச்சாவது உன்னைய ஒரு நாள் தனக்குன்னு வச்சுக்கணும்னு பாத்தாக. நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். எனக்கும் அந்த ஆசை பிடிச்சிருந்துச்சு, அதான் போடலை.

நோன்பு வந்துச்சு. பங்குனி வெயில். சீக்குக்காரன் நோன்பை விட்டுட்டு அப்புறமாப் பிடிச்சுக்கலாம்னு பள்ளிவாசல் ஹஜரத்தே வீடு தேடி வந்து சொன்னாரு. "நான் என்ன சீக்குக்காரனா? தையல் இருந்தாக் காட்டுங்க"ன்னு அவருகிட்டயே கேட்டாக. முப்பது நோன்பையும் பிடிச்சாக. பெருநாளைக்கு நாலு நாள் இருக்க நீ போன் பண்ணி, லீவு இல்லைன்னுட்டாங்கம்மா, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பாக்கலாம்னு சொன்ன. நான் போனை வச்சுட்டுச் சொன்னேன். "பாவம், அவன் என்ன பண்ணுவான்"னாக. சரி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எடுத்துக்கலாம்னு ஆச்சு. அதுக்கும் உனக்குக் கிடைக்கலை. உன்னையக் குத்தம் சொல்றேன்னு நெனச்சுராதே. உனக்காக ஒருத்தர் வயித்துல குழாயோட காத்துக்கிட்டிருக்காகன்னு நாங்க உன்கிட்டச் சொல்லவே இல்லையே. சொன்னா பிள்ளை அங்க தவிப்பான்னு விட்டோம். அத்தா நல்லாருக்காகன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நீயும் நல்லாருக்கேன்னு சொன்ன. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பொய் சொல்லி, அதுக்குப் பாசம்னு பேரு வச்சிருந்தோம்.

அப்புறம் அதை நாங்க மறந்தே போனோம். எப்படி மறப்பாகன்னு நீ கேப்ப. வலி இல்ல, காயம் இல்ல, மறந்துருச்சு. மூட்டை தூக்குனா ஒண்ணுக்கு லேசாச் சிவப்பாப் போகுதும்பாக. சூடு பிடிச்சிருக்குன்னு கால் பெருவிரல்ல விளக்கெண்ணெய் தடவி விட்டேன். கடுகடுன்னு கடுக்குதும்பாக, இளநி வாங்கிக் குடுத்தேன். இடுப்புல ஒரு பாரம் இருக்குன்னாக, வயசாச்சுல்லன்னு சிரிச்சேன். மழைக்காலம் முடிஞ்சு பனி விழ ஆரம்பிச்சப்பதான் அந்தக் குளிர்காய்ச்சல் வந்துச்சு. மூணு போர்வை போத்தியும் கட்டிலோட சேர்ந்து நடுங்குனாக. பல்லு தந்தியடிக்குது. அருப்புக்கோட்டையில பாத்துட்டு, உடனே மதுரைக்குப் போங்கன்னு ஆம்புலன்சுல ஏத்தி விட்டாங்க.

அதே டாக்டர்தான். படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தவரு, என்னையத் திரும்பிப் பாத்தாரு. "இதை எடுக்கவே இல்லையாம்மா?"ன்னாரு. சத்தம் போடலை, மெதுவாத்தான் கேட்டாரு. அவரு திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும். நம்ம வீட்டுக் குழாய் வாயில உப்புத் தண்ணி படிஞ்சு வெள்ளையாப் பொருக்குக் கட்டி நிக்குமே, அப்படி அந்த மெல்லிசுக் குழாயைச் சுத்திக் கல்லு வளந்து நின்னுச்சு. உள்ள அடைச்சுப் போய், கிட்னியில சீழ் கட்டி, அந்த விசம் ரத்தத்துல ஏறிருச்சாம். முதுகுல ஓட்டை போட்டுச் சீழை வடிய விட்டாங்க. காய்ச்சல் இறங்கட்டும், முதுகு வழியா உள்ள போய் கல்லையும் குழாயையும் எடுத்துரலாம்னாங்க. காய்ச்சல் இறங்கலை. ரத்த அழுத்தம்தான் இறங்கிக்கிட்டே போச்சு.

என்னைய உள்ள விட்டப்ப அவுகளுக்கு நெனப்பு இருந்துச்சு. வாயில மாட்டியிருந்ததை விலக்கச் சொல்லிச் சாடை காட்டினாக. "தம்பிக்குச் சொல்லிராதே, லாரி ஓட்டுற பய"ன்னாக. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன் வந்துட்டானா?"ன்னு கேட்டாக. நான் வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். நீ அப்ப எந்தப் பாலைவனத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தியோ, எனக்குத் தெரியாது. வந்துக்கிட்டு இருக்கான்னதும் அவுக சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. மறுநாள் காலையில மவுத்தாயிட்டாக. அன்னைக்கே அடக்கணும், உனக்காக வச்சிருக்க முடியாது. உன் மச்சான் போனைப் பிடிச்சு முகத்தைக் காட்டினாரு. நீ லாரிக்குள்ள உக்காந்து தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு, "திடீர்னு எப்படிம்மா, திடீர்னு எப்படிம்மா"ன்னு கேட்ட. கிட்னி கெட்டுப் போச்சுப்பான்னு சொன்னேன். திடீர்னு ஒண்ணும் நடக்கலை மகனே. மாசக்கணக்கா நடந்துச்சு. உனக்கு மட்டும் தெரியாம நடந்துச்சு.

இதைப் படிச்சுட்டு, அத்தா என்னாலதான் போனாகன்னு நீ தலையில அடிச்சுக்குவ. அடிச்சுக்காதே. தெரியாத ஒண்ணுக்கு நீ எப்படிப் பொறுப்பாவ? அத்தா மவுத்தானதுக்கு இத்தா இருந்த அந்த நாலு மாசமும் வீட்டுக்குள்ளேயே கிடந்து நான் இதைத்தான் யோசிச்சேன். யாரையும் வைய முடியலை. டாக்டரு தெளிவாச் சொன்னாரு. மச்சான் காரு கொண்டு வந்தாரு. உனக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்ப, இல்ல, "அத்தா, எனக்காக நிக்காதீக, இன்னைக்கே போங்க"ன்னு ஒரு அதட்டாவது போட்டிருப்ப. உன் பேச்சை அவுக தட்ட மாட்டாக. அந்த ஒரு அதட்டலுக்குத்தான் வழியில்லாமப் போச்சு. அதை நெனச்சாத்தான் எனக்கு ஆற மாட்டேங்குது.

இப்ப நான் உன்னைய அதட்டுறேன், கேட்டுக்கோ. உன் வயித்துல இருக்கிறது ஒயர் இல்ல. உங்க அத்தா வயித்துல இருந்தது என்னவோ அதேதான். அதுக்குப் பெருநாளும் தெரியாது, லீவும் தெரியாது, அம்மாவும் தெரியாது. வலிக்கலைன்னு இருந்துராதே, அவுகளுக்கும் வலிக்கலை. வெக்கப்படாதே. அந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவுகளுக்கு நீ வெறும் ஒரு ஆளு, காலையில இருந்து உன்னைய மாதிரி எத்தனையோ பேரைப் பாத்திருப்பாக. கூட ஆள் வேணும்னா ரூம்ல ஒரு பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ. யாரும் வரலைன்னா ஒத்தையில போ. நிறுத்த இடமில்லைன்னு தண்ணி குடிக்காம வண்டி ஓட்டுறியாம், உன் பொண்டாட்டி சொன்னா. ரோட்டோரம் நிறுத்து. எவன் என்ன சொல்லிருவான்? லோடு ஒரு மணி நேரம் பிந்திப் போனா உலகம் கவுந்துராது. குளிர்காய்ச்சல் மட்டும் அடிச்சுச்சுன்னா, மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துராதே, அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எங்கிட்ட இனிமே நல்லாருக்கேன்னு சொல்லாதே. எங்க வலிக்குதுன்னு சொல்லு. நானும் சொல்றேன்: எனக்கு முட்டி வலிக்குது, சர்க்கரை கூடிக் கிடக்கு, ராத்திரி தூக்கம் இல்ல. பாத்தியா, சொன்னா ஒண்ணும் ஆகலை.

நீ பெருநாளைக்கு வாரன்னு நான் நம்ம வீரசோழன் ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்கேன். உன் மக ரோட்டுல எந்த லாரி போனாலும் "அத்தா லாரி"ன்னு ஓடுறா. நீ ஒரு தடவை கூட அவளைத் தூக்கினதில்ல. உன் பொண்டாட்டி வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டா, ஆனா காலண்டரைப் பாக்குறது எனக்குத் தெரியாதா? நான் மட்டும் என்ன, அத்தா போனதுல இருந்து உன் மூஞ்சியை நேர்ல பாத்து, உன் மடியில தலையை வச்சு ஒரு பாட்டம் அழுதுறணும்னுதான் இன்னும் அழாம இருக்கேன். பெருநாளுக்கு இன்னும் மாசக்கணக்குல கிடக்கு. அவ்வளவு நாளைக்கு அந்தக் குழாய் உனக்குள்ள இருக்கக் கூடாது.

நாளைக்குக் காலையிலேயே அந்த லீவைக் கேளு. பெருநாள் லீவுல கழிக்கிறேன்னா, கழிச்சுக்கோன்னு சொல்லு. உன் பொண்டாட்டிகிட்ட நான் பேசிட்டேன், அவளும் தலையை ஆட்டிட்டா, அப்புறம் கொல்லைப்பக்கம் போய் நின்னுக்கிட்டா. எடுத்து முடிஞ்சதும் எனக்குப் போன் போடு. எப்ப வாரன்னு அன்னைக்கு நான் கேக்க மாட்டேன். நீ போன நாள்ல இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்கிட்ட நான் அதைத் தவிர வேற எதையும் கேட்டதில்ல, அல்லாகிட்டயும் கேட்டதில்ல. இருந்தும் பெத்தவ என் வாயாலேயே சொல்றேன். ராசா, இந்தப் பெருநாளைக்கு நீ வராதே.